பர்னபாஸின் உள்ளங்கால்

முதியோர் இல்லத்து வராந்தாவில், ஒரு காலத்தில் சங்கு குளித்த பர்னபாஸ் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மாதாந்திரப் பரிசோதனை. நர்ஸ் ஸ்டெபி குண்டூசியோடு குனிகிறாள். மாதாமாதம் அவள் கையைப் பார்த்துக்கொண்டே அவர் “ஆ” என்பார். உணர்ச்சி உண்டு என்று பதிவாகும். மரத்த கால் என்று பதிவானால் திரேஸ்புரம் கடற்கரைக்குத் தனியாக நடக்க விடமாட்டார்கள். “இந்தக் காலைக் கடிச்ச சுறாவுக்குத்தான் பல்லு கூசிச்சு, ஏளா” என்கிறார் முகம் மாறாமல். “நீங்க என் கையப் பாத்துல்லா சொல்லுதீய தாத்தா. கண்ண மூடுங்க, சரியா எழுதணும்” என்கிறாள். மூடுகிறார். துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதி ஓய்கிறது. உள்ளங்காலில் கடுகளவு ரத்தம் வெயில் பட்டு மினுங்குகிறது. ஸ்டெபி பேனாவைத் திறந்து, எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள். “என்ன ஏளா,” என்கிறார் பர்னபாஸ், கண்ணைத் திறக்காமல், “குத்தப் போறியா, இல்ல கப்பலுக்குக் கையாட்டப் போயிட்டியா?”