கை வைக்கும் முன்

மலேசியாவின் கிள்ளான் தொழிற்கல்லூரிப் பட்டறையின் தகரக் கூரையில் மத்தியான மழை கொட்டுகிறது. மின்சார டிப்ளோமா படிக்கும் அமுதவள்ளி, பயிற்சிப் பலகையில் தான் கழற்ற வேண்டிய வயரை முறைத்துப் பார்க்கிறாள். "உன் பலகையோட மெயின் சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேன் லா, கை வை," என்கிறான் கூடப் படிக்கும் விமலன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே. அந்தத் தூக்காத தலைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னை வயரில் வைக்கிறாள். அதன் குட்டி விளக்கு எரியவில்லை. "பாத்தியா? கரண்டே இல்ல. என்னை நம்பவே மாட்டியா?" அவன் கிடக்கட்டும், இந்தப் பென்னை மட்டும் எதை வைத்து நம்புவது? பக்கத்துப் பலகையில் மஞ்சளாக ஒரு பல்பு எரிகிறது. அதற்குக் கரண்ட் வரும் வயர் முனையில் பென்னை வைத்துப் பார்க்கிறாள். பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. பென் எரியவில்லை. விமலன் இப்போதுதான் தலையைத் தூக்குகிறான்.