அளவாக ஒரு சந்தோஷம்

சமையலறையிலிருந்து பாட்டு கேட்டது.

முகத்தில் பாதி நுரையோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். ரேசர் கன்னத்தருகே நின்றது.

வசந்தாமணி பாடுகிறாள்.

மனைவி பாடினால் மற்ற வீடுகளில் என்ன செய்வார்களோ, அவர் ரேசரைக் கீழே வைத்துவிட்டார்.

போன முறையும் பாட்டில்தான் ஆரம்பித்தது.

மகளின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். வசந்தாமணி தூங்கவே இல்லை. விடிய விடியப் பாடிக்கொண்டே பலகாரம் சுட்டாள். அடித்து முடித்த சுவருக்கு வேறு நிறம் அடிக்க ஆள் கூப்பிட்டாள். ஒரு பேச்சு முடிவதற்குள் அதன்மேல் இன்னொரு பேச்சு ஏறிக்கொண்டு வந்தது. கல்யாணக் களை என்றார்கள் எல்லோரும். அவரும் அப்படித்தான் நம்பினார். பெண்ணைவிட அம்மாவுக்குத்தான் கல்யாணம் போல என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வரவேற்பன்று மேடையேறி, பாட்டுக் குழுவிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். முதல் பாட்டுக்குக் கைதட்டினார்கள். பிறகு தட்டவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. முந்தானை சரிந்தது தெரியாமல் ஆடினாள். போதும் சம்பந்தி என்று மெல்லக் கையைப் பிடித்த மாப்பிள்ளையின் அம்மாவை, மைக்கிலேயே, காது கூசும்படி ஏசினாள்.

மணக்கோலத்தில் மேகலா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு பேசவில்லை.

வசந்தாமணியும் யாரோடும் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. குளிக்கவைத்தது அவர். தலைவாரிவிட்டது அவர். சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் கண்ணீர்தான் வந்தது, வாய் திறக்கவில்லை.

கோயமுத்தூர் டாக்டர்தான் அதற்குப் பெயர் சொன்னார். பைபோலார். பொங்கி எழுந்ததும் அதுதான், அணைந்து கிடப்பதும் அதுதான். மேடையில் பேசியது அவளுடைய குணமல்ல. மாத்திரை விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும்போல இருப்பாள்.

இருந்தாள்.

மேகலாவிடம் அவர் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

இன்று வசந்தாமணி பாடுகிறாள்.

நுரையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அலமாரியைத் திறந்தார். மாத்திரை அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

பாட்டு நின்றது.

கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டுட்டனுங்க," என்றாள். "ராத்திரி நல்லாத் தூங்குனனுங்க."

அவர் அட்டையைத் தாழ்த்தினார்.

"மேகலா போன் பண்ணுனா. உங்களுக்கில்லீங்க, எனக்கு. முழுகாம இருக்கறாளாமா. ஞாயித்துக்கெழம வர்றேன்னா." குரல் உடைந்தது. "அதுக்குத்தான் பாடுனனுங்க. இது அதில்லீங்க."

அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பாடு வசந்தா."

"அடுப்புல பால் இருக்குதுங்க," என்று திரும்பிவிட்டாள்.

மனசு கேட்காமல் வெளியே போய் டாக்டருக்குப் போன் செய்தார். தூக்கம், சாப்பாடு, பேச்சின் வேகம் எல்லாவற்றையும் டாக்டர் விசாரித்தார். கடைசியில் சொன்னார்: "அவங்க நல்லாத்தான் இருக்கறாங்க. பாட்டியாகப் போறாங்க, சந்தோசமா இருக்கறாங்க. சிரிக்கறதெல்லாம் வியாதி இல்லீங்க."

அதை அவளிடம் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

சரிங்க என்றாள். டாக்டர் சொன்னதை நம்பினாள்போலத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் சொல்வதற்கு முன்பே, அட்டையோடு நின்ற அவர் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைப்பதுபோல. பக்கத்து வீட்டுக்காரி நல்ல சேதி கேட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, ஆமாங்க என்று மட்டும் சொன்னாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் தெரியச் சிரித்தாள். பிறகு உதட்டைக் கொஞ்சம் மூடினாள். இன்னும் கொஞ்சம் மூடினாள்.

அவர் ஓசைப்படாமல் பின்வாங்கி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது.

மேகலா இறங்கினாள். லேசாக மேடிட்ட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, நேராக அம்மாவிடம் போனாள். பாதி தூரத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் தோளில் விழுந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

வசந்தாமணி நிமிர்ந்து நின்றாள். கைகள் இரண்டும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"வா கண்ணு," என்றாள் நிதானமாக. "கைகால் கழுவிட்டு வா. சாப்பிடலாம்."

மேகலாவின் பிடி தளர்ந்தது. விலகி நின்று அம்மாவின் முகத்தில் எதையோ தேடினாள்.

"ஏம்மா, நான் வந்தது உனக்குப் புடிக்கலியா?"

வசந்தாமணியின் உதடுகள் துடித்தன. மகளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, கார்க் கதவருகே பையோடு நின்ற அவரைப் பார்த்தாள்.

பரவாயில்லை என்பதுபோல் அவர் தலையசைத்தார். மறுபடியும் அசைத்தார்.

அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.