நீல ஸ்டிக்கர்

அத்தைக்கு இன்னும் மூச்சு இருந்தது. அதற்குள் அவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டுத் தூணில் ஒடீல் நீல ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். பெற்ற மகள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, அக்கா?" என்றார் என் கணவர் ரெமி.

"என் முறை வந்துச்சு. ஒட்டினேன்."

லூசியானாவில், ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டத்து வீடு. ஆறு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. நிலம் போன வருடமே போய்விட்டது. வீட்டைக் கல்யாண மண்டபமாக்க யாரோ பேசி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சாமான்கள்தான்.

பக்கவாதம் வந்து அத்தைக்குப் பேச்சு நின்று மூன்று வாரம். இன்னும் பத்து நாள் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிரிக்கும் பேச்சை ஆரம்பித்தது ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த மூத்தவர் ஆல்சிட். "என்னால ரெண்டு தடவை லீவு போட முடியாது. இன்னிக்கே பிரிச்சுடலாம். நாளைக்குக் காலையில லாரி வருது. அம்மாவைப் பின்னாடி சின்ன ரூமுக்கு மாத்திடுவோம்."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அம்மா இந்த ரூம்லதானே இருக்காங்க," என்றார் ரெமி.

"எந்த ரூம்னு அவங்களுக்குத் தெரியவா போகுது? கண்ணு மட்டும்தான்டா திறந்திருக்கு."

ஒடீல் ஸ்டிக்கர் தாளைப் பார்த்து, "எனக்கு நீலம்," என்றாள். அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு நிறம். ஒருவர் மாற்றி ஒருவர் ஒட்ட வேண்டும். ஒட்டின சாமான் ஒட்டினவருக்கு. மற்றவர் அதைத் தொடக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பிரிப்பார்கள். ஆனால் அடக்கத்துக்குப் பிறகு.

எது அசல், எது பிற்பாடு வாங்கியது என்று பார்க்க முப்பாட்டனார் காலத்துப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஆல்சிட் படித்தார்.

"மகோகனிக் கட்டில் ஒண்ணு. பெண்டுலக் கடிகாரம் ஒண்ணு." இருமினார். "வெள்ளித் தட்டு இருபத்தி நாலு."

"நடுவுல ஒரு வரி விட்டுட்டியே," என்றாள் ஒடீல்.

"அது சாமான் இல்ல."

"பட்டியல்ல இருக்குல்ல? படி, அண்ணா."

"தச்சன் ஒனோரே, வயசு முப்பது," என்று முணுமுணுத்தார். "அவன் பொண்டாட்டி. ஒரு கைக்குழந்தை."

அந்தக் கட்டிலை இழைத்த அடிமை. கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் கீழே, அதே மையில், அதே கையெழுத்தில். நான் மடியிலிருந்த என் கைக்குழந்தை மார்கோவை இறுக்கிக்கொண்டேன். ஆல்சிட் தாளை மடித்துவிட்டு வெள்ளித் தட்டுகளின் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

பிறகு பியானோ, பாத்திர அலமாரி என்று நல்லதாகவே அவர் பார்த்துப் பார்த்து எடுத்தார். ரெமிக்கு எழுதும் மேசை கிடைத்தது.

ஒடீல் எடுத்ததைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஓடாத அந்தப் பெண்டுலக் கடிகாரம். முகம் கழுவும், விரிசல் விட்ட பீங்கான் கிண்ணம். சாயம் போன ஜன்னல் திரை. பிரம்பு பிய்ந்து உட்காரவே முடியாத ஆடும் நாற்காலி. சுவர்ச் சிலுவையில் சொருகிய காய்ந்த குருத்தோலை.

"பியானோவை விட்டுட்டு ஓலையை எடுக்கறா பாரு," என்றார் ஆல்சிட். "எரிச்சு, சாம்பல் புதனுக்குச் சாம்பலா விக்கப் போறியா?"

"இருக்கட்டும்."

கூடத்தில் சுவரோரமாக ஒரு ஜோடி நாற்காலி, கரும்புத்தோகை செதுக்கியது. ஒடீல் இடதுபக்க நாற்காலியில் மட்டும் ஒட்டினாள்.

"மூளை கீளை குழம்பிப்போச்சா உனக்கு? ஜோடியா இருந்தாத்தான் எவனும் கேப்பான். பிரிச்சா ரெண்டும் விறகு."

"எனக்கு அது ஒண்ணு போதும்."

"எனக்குக் கிடைக்கக் கூடாது, அதானே? சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான், ரெமி."

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள்தான் நான். கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே மனசுக்குள் அவளைச் சபித்தேன். பெற்றவள் தலைமாட்டில் ஸ்டிக்கர் ஒட்டின கை. என் மடியில் கிடப்பதும் பெண்தான்.

காலையில் லாரி வந்தது.

"கட்டிலைக் கழட்ட ரெண்டு ஆளை நிறுத்தி வெச்சிருக்கேன்," என்றார் ஆல்சிட்.

"வேணாம். கீறல் விழும். என்னோடது எதையும் யாரும் தொட வேணாம். ஃப்ளாட்ல இப்ப இடமில்ல. நானே ஆளோட வந்து எடுத்துக்கறேன்."

"இதுல மட்டும் அக்கறை இருக்கு."

ஒடீலிடம் சொல்லிக்கொள்ளாமலே ஆல்சிட் காரில் ஏறிப் போனார்.

மத்தியானத்துக்குள் வீடு காலி. படம் மாட்டியிருந்த இடமெல்லாம் சுவரில் வெளுத்த சதுரங்கள். மார்கோ பசித்து அழுதது. எல்லா அறையிலிருந்தும் அந்த அழுகை திரும்பி வந்தது. பால் கொடுக்க உட்காரலாம் என்றால் ஒடீலின் நாற்காலியைத் தவிர ஓர் இருக்கை இல்லை. அதில் உட்கார எனக்கு மனசில்லை.

அத்தையின் அறைக்குப் போய் அவர் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்தேன். ஒரே தலையணை. குழந்தை குடிக்கத் தொடங்கியது. அத்தையின் கண்கள் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. எதைத்தான் பார்க்கிறார் என்று நானும் அதே பக்கம் பார்த்தேன்.

கடிகாரம். பீங்கான் கிண்ணம். ஜன்னல் திரை. ஆடும் நாற்காலி. சிலுவையில் குருத்தோலை.

கண்கள் திறந்திருந்த கதவுக்குப் போயின. அந்த வழியே கூடத்தில் இடதுபக்க நாற்காலி தெரிந்தது. வலதுபக்க நாற்காலி இருந்த இடத்தைச் சுவர் மறைத்தது.

அந்தத் தலையணையிலிருந்து கண்ணுக்கு எட்டிய வரை, வீட்டில் ஒரு சாமான்கூடக் குறையவில்லை.