மூன்று நாள் காட்டுவாசம்

மலையடிவாரத்துக் கூடார முகாமில் நாய், பூனைகளுக்கும் இடம் தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து கருவாயன் நாய்க்கும் பஞ்சு பூனைக்கும் தங்கள் கொட்டகையில் இருப்புக் கொள்ளவில்லை. சுமை தூக்கச் சின்னான் கழுதையைக் கூப்பிட்டன.

"மூணு நாள் தங்கப்போறோம். அங்கே கட்டில் கிடையாது, விளக்கு கிடையாது, கதவுகூடக் கிடையாது. அதுதானே விசேஷம்!" என்றது கருவாயன்.

சின்னானுக்கும் ஆசை வந்துவிட்டது. "கழுதைக்கு இடம் உண்டாண்ணே?"

"நாய், பூனைக்கு மட்டும்தான். நீ வாசலோட திரும்பிடணும்."

பிறகு மூட்டை கட்டும் வேலை தொடங்கியது. அங்கே கட்டில் இல்லையே என்று கருவாயன் கட்டிலைச் சின்னான் முதுகில் ஏற்றியது. இருட்டுமே என்று பஞ்சு விளக்கையும் தூக்கி மேலே வைத்தது. அடுப்பும் கொசுவலையும் ஏறின. "கதவு சாத்தாம எனக்குத் தூக்கமே வராதுண்ணே" என்று பஞ்சு சிணுங்க, கொட்டகைக் கதவையும் கழற்றி மேலே கட்டியாயிற்று.

முதுகு வளைய நின்ற சின்னான் மெல்லத் திரும்பிப் பார்த்தது. கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. கட்டில் இல்லை, விளக்கு இல்லை, கதவுகூட இல்லை.

"இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே" என்றது சின்னான். "மூணு நாளைக்கு உங்க கொட்டகையில கழுதைக்கு இடம் உண்டா?"