வராந்தாவில் கூடவே நடந்தவர்

நீடாமங்கலம் கலைமகளுக்கு வயலிலிருந்து வீடு வருவதற்குள் மூச்சு முட்டும். ஆஸ்துமா என்றே மருந்து சாப்பிட்டு வந்தாள். தஞ்சாவூர் டாக்டர் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தார். பிறகு இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அளந்து, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்.

நர்ஸ் ஷீபா அவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கவிட்டுச் சோதித்தாள். கலைமகள் பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககூட வந்தவரையும் உக்காரச் சொல்லுங்கக்கா."

கலைமகள் தனியாகத்தான் வந்திருந்தாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் எழுதிய மாத்திரையின் பெயரைப் போனில் கேட்டு, குவைத்திலிருந்த கணவர் மதிவாணன் சிரித்தார்.

"அது ஆம்பளைங்க ரகசியமா வாங்குற மாத்திரையாச்சே."

"என் நுரையீரலுக்கும் அதுதானாம். கடைக்காரர் நிமிர்ந்தே பாக்கலீங்க."

அறுவடை முடிந்து மறுபடி சோதனைக்குப் போனாள். இந்த முறை எங்கும் நிற்காமல் நடந்தாள். ஷீபாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாவம், உங்க வேகத்துக்கு அவரால இன்னைக்கு ஈடு குடுக்க முடியலக்கா."

"யாரால?"

"போன தடவை உங்க தோளை ஒட்டியே நடந்தாரே, அவராலதான்."

கலைமகள் திரும்பிப் பார்த்தாள். துடைத்த தரையில் அவளுடைய செருப்புத் தடத்தை ஒட்டி ஈரமான வெறுங்கால் தடங்கள் வந்திருந்தன. நடுவழியில் அவை நின்றுவிட்டன. அங்கிருந்து இங்கே வரை அவள் தடம் மட்டும்தான் இருந்தது.