அறுபத்து மூன்று டிகிரி

சுபாஷைத் திருடன் என்று ஓசூரில் யாரும் சொல்லிவிட முடியாது. யார் கடையிலிருந்தும் அவன் எதையும் எடுத்துக்கொண்டு போனதில்லை. பழைய சாமானைப் புதுசென்று மாட்டி, காசை வாங்கிக்கொண்டு போவான், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள் காலையில், பாகலூர் ரோட்டில் சரிதாவின் டைப்பிங் சென்டருக்குள் ஸ்க்ரூடிரைவர் பையோடு நுழைந்தான்.

"கூப்பிட்டீங்களாக்கா?"

"மிஷின் சூடாவுறாட்டம் இருக்குதுப்பா. நீதான் பாக்கோணும்."

சரிதா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் டேட்டா என்ட்ரி பார்த்தவள். ஆள் குறைப்பு என்று ஆடி மாசம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் பெரிய மனசு. ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டு, மிஞ்சிய பொரியை ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகச் சொன்னார்கள்.

இப்போது வேலை தேடி வரும் பையன்களுக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிறாள். இந்த ஒரு கம்ப்யூட்டர்தான் கடை. இது கையை விட்டுப் போனால் சொந்த ஊரான பேரிகைக்குத் திரும்பி அண்ணன் தோட்டத்தில் தக்காளி பறிக்க வேண்டியதுதான். அண்ணி வாயில் விழுந்து எழ அவளால் ஆகாது.

சுபாஷ் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது என்றெல்லாம் அவன் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் திருப்பி அவனையும் கேட்பார்கள்.

விண்டோஸில் சூடு பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்று ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு டிகிரி.

"இது நெட்டுல ஓசியில எறக்குனதுதானேக்கா? உங்க மனசு நோகாமத்தான் சொல்லும்."

மிஷினை அணைத்து மறுபடி போட்டான். விண்டோஸ் வருவதற்கு முன்பே டெலீட் பட்டனைத் தட்டி, பயாஸ் என்கிற நீலத் திரைக்குள் போனான். அங்கே ப்ராசஸர் சூடு அறுபத்து மூன்று டிகிரி என்று இருந்தது.

"பாத்தீங்களா! இது போர்டுக்குள்ளயே கம்பெனிக்காரன் வெச்சு அனுப்புனது, பொய் சொல்லாது. பத்தொன்பது டிகிரியை மறைச்சிருக்குது உங்க சாஃப்ட்வேரு. ப்ராசஸர் வெந்துட்டிருக்குதுக்கா!"

சரிதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! இப்ப என்னப்பா பண்றது?"

இந்த அய்யய்யோவுக்காகத்தான் சுபாஷ் தொழிலுக்கே வந்தான். பையிலிருந்து ஒரு ஃபேனை எடுத்தான். பெங்களூரில் யாரோ கழித்துப்போட்ட மிஷினில் சுற்றி ஓய்ந்தது. பெட்ரோல் தொட்டுத் துடைத்ததில் பளபளவென்று இருந்தது.

"ஒரிஜினலுக்கா. ஆயிரத்து இருநூறு. உங்களுக்காக ஆயிரம்."

அவள் பேரம்கூடப் பேசவில்லை. பாவம் என்று அவனுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

"பில்லு?"

"அதெல்லாம் எதுக்குக்கா? என் ஸ்டிக்கர்தான் பில்லு. மூணு மாச வாரன்ட்டி."

கேபினெட்டின் மூடி சேரும் இடத்தில், 'சுபாஷ் கம்ப்யூட்டர்ஸ்' என்று ஃபோன் நம்பரோடு அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினான்.

"ஏம்ப்பா, பிள்ளையார் சதுர்த்தி தேதி போட்டிருக்கிற?"

"ராசியான நாளுக்கா. தடங்கலே வராது."

ராசியாவது ஒன்றாவது! வாரன்ட்டியில் முப்பத்தெட்டு நாள் அங்கேயே கழிந்தது. உகாதி, பிள்ளையார் சதுர்த்தி, தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு நாலே தேதிதான் சுபாஷிடம் உண்டு; கடைசியாகப் போனது எதுவோ அதைப் போடுவான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இதைச் சொல்லிச் சொல்லி அவனைத் திட்டுவதை சரிதா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

அவன் போனதும் பயாஸைத் திறந்து பார்த்தாள். புது ஃபேனோடு அறுபத்து நாலு. சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் திரையில் ப்ராசஸருக்கு ஓய்வே கிடையாது, சும்மா நின்றாலும் முழு மூச்சாக ஓடும். விண்டோஸ் வேலையில்லாத நேரத்தில் அதைத் தூங்க விடும், சூடு இறங்கும். இரண்டு கணக்கும் நிஜம்தான். ஏழு வருஷம் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா என்ன?

சாயங்காலம் ஏட்டு ஆஞ்சப்பன் வந்தார். சரிதா அவரை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஏட்டு உட்காரவில்லை. "ஆயுத பூஜைக் கூட்டத்துல சிப்காட்டுல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் காணாமப் போச்சும்மா. அசெம்பிள் பண்ணதாம், நம்பரும் கிடையாது. கேபினெட்டு இதே மாதிரிதான். பில்லு இருந்தாக் காட்டு. இல்லன்னா மிஷினை ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போயிருவோம்."

சரிதா கேபினெட்டில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். "பில்லு கேட்டேன் சார். ஸ்டிக்கர்தான் பில்லுன்னுட்டாரு."

ஏட்டு குனிந்து படித்தார். அதிலிருந்த நம்பருக்கு அங்கேயே ஃபோன் போட்டார்.

"சுபாஷா? ஏட்டு ஆஞ்சப்பன் பேசறேன். சரிதாம்மா மிஷின்ல உன் ஸ்டிக்கர் இருக்குது. தேதி பிள்ளையார் சதுர்த்தின்னு போட்டிருக்கிற. நெஜமா அன்னிக்கு ஒட்டுனதுதானா?"

படுபாவி, வாரன்ட்டிக்காக ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாளே என்று சுபாஷுக்கு வேர்த்துவிட்டது. அவன் போட்ட சத்தம் சரிதாவுக்கே கேட்டது.

"சத்தியமா அன்னிக்குத்தான் சார் ஒட்டுனேன்! பொய்த் தேதி போடற பழக்கமே எனக்குக் கிடையாது. கோர்ட்டுக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன்!"

"அப்ப இது அந்த மிஷின் இல்ல. சிரமம் கொடுத்துட்டேம்மா" என்று ஏட்டு ஜெராக்ஸ் கடைப் பக்கம் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் சரிதா, ஆயுத பூஜையன்று பொரி மூட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்த அந்த மிஷினில் பாதியில் நின்ற பயோடேட்டாவை அடித்து முடித்தாள்.