விடுபட்ட இரண்டு எழுத்துகள்

இங்கிரிட் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள்.

மணமகள் லீனாவின் தாய் தமிழில் வாழ்த்தப்போகிறாள் என்று மணமகன் திவாகரன் அறிவித்ததும், பன்விலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மணமகன் வீட்டாரின் மூன்று மேசைகளும் கைதட்டின.

பேச்சியம்மா கைதட்டவில்லை. மேசை விரிப்பின் சுருக்கம் ஒன்றை நீவிக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டி முடிந்துவிட்டது. பதிவாளரும் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திகனவில், நீர்த்தேக்கத்தைப் பார்த்திருந்த அந்த விடுதியின் புல்வெளியில் இனி உணவும் வாழ்த்தும்தான் மீதி. நாளை மணமகள் வீட்டு நோர்வேக்காரர்கள் விமானம் ஏறுவார்கள். திவாகரனும் அவர்களோடு போய்விடுவான்.

அவனைப் பெற்றவள் இறந்தபோது அவனுக்கு வயது மூன்று. அவளுடைய தங்கை பேச்சியம்மா, அக்காள் கணவர் இராமையாவையே மணந்து, அவனை வளர்த்தாள். வேறு பிள்ளை அவளுக்கு இல்லை. அவனுக்கு அவள் சின்னம்மா.

தன்னை அவன் அம்மா என்று அழைக்க வேண்டும் என்ற ஆசையை அவள் எவரிடமும் சொன்னதில்லை. திருமண நாளிலாவது அது தானாக நடந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

காலையில் மணமக்கள் காலில் விழுந்தபோது, "ஆசீர்வாதம் பண்ணுங்க சின்னம்மா" என்றுதான் சொன்னான்.

திருமணத்துக்கும் விடுமுறைக்குமாக வந்த மணமகள் வீட்டாரோடு இரண்டு வாரம் ஒரே வேனில் தீவைச் சுற்றியாகிவிட்டது. முன் இருக்கை இங்கிரிட்டுக்கு. மங்குஸ்தானை உடைத்து, வெள்ளைச் சுளைகளை அவள் உள்ளங்கையில் வைத்தவன் திவாகரன். போகும் வழியெல்லாம் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. வாழைப்பழத்தை அவள் பத்து விதமாகக் கொன்றாள். பத்து முறையும் அவன் பொறுமையாகச் சிரித்தான். பின் இருக்கையிலிருந்து பேச்சியம்மா அந்தப் பிழைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

பாசிக்குடாவில் இங்கிரிட்டின் கையைப் பிடித்துக் கடலுக்குள் அழைத்துப்போனான். பேச்சியம்மாவிடம் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

ஏழு சோடிகள். அவற்றை அவள் வரிசையாக, கடலுக்கு முதுகு காட்டி அடுக்கிவைத்தாள்.

தெல்தெனியக் கடையில் இருவருக்கும் சேலை எடுத்தான். ஒரே கரை, ஒரே விலை. நிறம் மட்டும் வேறு. அதைக் கட்டிக்கொண்டுதான் இப்போது இங்கிரிட் எதிரில் நின்றாள். அவளுக்கு அது நன்றாகவே இருந்தது.

"வணக்கம்" என்றாள் இங்கிரிட். "திவாகரன் நல்ல பையன். திவாகரன் என் மகன்."

மூன்று மேசைகளும் ஆரவாரித்தன. எவனோ விசிலடித்தான்.

"நன்றி அம்மா!" என்று திவாகரன் மணமேடையிலிருந்தே கத்தினான்.

அந்தச் சொல் புல்வெளி முழுவதும் கேட்டது.

இராமையா மனைவியின் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா பேச்சி, வெள்ளக்காரி மைக்குப் போட்டு ஒம் மகனத் தூக்கிட்டா!"

"மகன்னு சொல்லக் கூடாதுங்க. மருமகன்னு சொல்லணும்."

"விடு புள்ள. ரெண்டு எழுத்துதானே."

இரண்டு எழுத்துகள்தாம். ஆனால் பேச்சியம்மா அவற்றை விடுவதாக இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது ஆண்டுகள் இருந்தவள் அவள். அவளிடம் வளர்ந்த எந்தக் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்கு மழலையோடு போனதில்லை.

இங்கிரிட் மேசைகளுக்கிடையே புகுந்து நேராக அவளிடம்தான் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. தாளை நெஞ்சோடு அணைத்தபடி, "சரியா?" என்று கேட்டாள்.

"சரியில்ல" என்றாள் பேச்சியம்மா. "மகன் இல்ல. மருமகன். சொல்லுங்க, மரு, மகன்."

"மகன்?"

"மரு. மொதல்ல மரு."

இங்கிரிட் அவளுடைய உதடுகளைக் கூர்ந்து பார்த்தபடி சொன்னாள். மூன்றாம் முறை பிழையில்லாமல் வந்தது. இரண்டு வாரமாகப் பேச்சியம்மாவின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது சற்றே தணிந்தது.

நான்காம் முறையும் சொல்லவைத்தாள்.

அதற்குள் திவாகரன் வந்துவிட்டான். இருவர் தோளிலும் கைபோட்டுக்கொண்டு, மேசையைப் பார்த்துச் சிரித்தான்.

"சின்னம்மாகிட்ட மாட்டிக்கிட்டாங்களா! என்னையும் இப்படித்தான். நாலு வயசு இருக்கும். பிள்ளைக்காம்பரா வாசல்ல இவங்களப் பாத்ததும் அம்மான்னு ஓடிப்போயிக் கட்டிப்புடிச்சேன். அம்மா படத்துல இருக்காங்க, நான் சின்னம்மா, சரியாச் சொல்லுன்னாங்க. பத்துத் தடவ சொல்ல வச்சிட்டுத்தான் தூக்குனாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்ல."

மேசை முழுவதும் சிரித்தது. இராமையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

திவாகரன் அதையே இங்கிரிட்டுக்கு அவளுடைய மொழியில் சொன்னான்.

இங்கிரிட் சிரிக்கவில்லை.